"சொன்னால்தான் செய்வான்": மனநோயும் பிரித்தானிய உதவித்தொகை வெட்டும்

பிரித்தானியாவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு (மனம் துள்ளலுக்கும் சோர்வுக்குமாக மாறி மாறிப் போகும் மனநோய்). சில வருடங்களாகப் பிப் (நோயால் அன்றாட வாழ்க்கைக்குச் சிரமப்படுபவர்களுக்கான உதவித்தொகை) கிடைக்கிறது. குறைந்த வருமானக்காரருக்கான உதவித்தொகையாகிய யூனிவர்சல் கிரெடிட்டில் சுகவீனத்துக்கான மேலதிகத் தொகையும் வருகிறது. அரசு இதையெல்லாம் வெட்டுகிறது என்கிறார்கள். அவனுக்கு நின்றுவிடுமா? வீட்டில் அப்பாவோ, 'இவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, சோம்பல். சொன்னால்தான் குளிப்பான், சொன்னால்தான் சாப்பிடுவான்' என்கிறார். அரசும் அப்பாவும் ஒரே மாதிரிப் பேசுவது ஏன்?"

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். தம்பியின் பணம் 2025இல் வந்த வெட்டுச் சட்டத்தால் இப்போது நிற்காது. 2025 மார்ச் 18 அன்று அப்போதைய வேலை, ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் வெளியிட்ட திட்டத்தில் பெரிய வெட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று பிப் பற்றியது. மற்றது யூனிவர்சல் கிரெடிட்டின் சுகவீனத் தொகை பற்றியது. வருடத்துக்கு ஏறத்தாழ 5 பில்லியன் பவுண் மிச்சம் பிடிப்பதுதான் கணக்கு. அந்த வெட்டுகளால் 250,000 பேர் கூடுதலாக வறுமைக்குள் போவார்கள், அவர்களில் 50,000 பேர் பிள்ளைகள் என்று அரசின் சொந்த மதிப்பீடே சொன்னது. அரசின் சொந்தக் கட்சியான தொழிற்கட்சியின் எம்பிக்களே நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஜூலை 1ஆம் தேதி வாக்கெடுப்புக்குச் சற்று முன்புதான், விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, பிப் பற்றிய பிரிவை எடுத்துவிடுவதாக அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் சபையில் எழுந்து சொன்னார். ஆகவே பிப்பின் விதிகள் அப்படியே இருக்கின்றன. டிம்ஸ் தலைமையில் ஒரு மீளாய்வு நடக்கும், அது முடியும்வரை விதி மாறாது என்பது அரசு கொடுத்த வாக்கு.

மற்ற வெட்டு சட்டமாகிவிட்டது. யூனிவர்சல் கிரெடிட்டில் கிழமைக்கு ஏறத்தாழ 97 பவுணாக இருந்த சுகவீனத் தொகை, 2026 ஏப்ரல் முதல் புதிதாகத் தகுதி பெறுபவர்களுக்கு 50 பவுண். உங்கள் தம்பி அதற்கு முன்பிருந்தே பெறுபவர் என்பதால் பழைய தொகைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அந்தக் கிளெயிம் இடையில் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிவர்சல் கிரெடிட்டைக் கவனிக்கும் அலுவலகமான ஜொப் சென்டரில் இருந்து வரும் செய்திகளை அவர் பார்க்காமல் விடுகிற ஆளாக இருந்தால், அவருடைய சம்மதத்தோடு நீங்கள் பார்க்கத் தொடங்குங்கள்.

சரி, இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. பல வருடங்களாக லண்டனில் நம்மவர்களுக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். உங்கள் அப்பா சொன்ன அந்த வாக்கியத்தை, 'சொன்னால்தான் செய்வான்' என்பதை, எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பிப் விதிகளில் அந்த வாக்கியத்துக்குப் புள்ளி இருக்கிறது. 2025இல் அரசு எடுத்துவிடப் பார்த்ததும் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளைத்தான்.

எப்படி என்று விளக்குகிறேன். பிப்பில் அன்றாட வாழ்க்கைக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2 செயல்கள். சமைத்தல், சாப்பிடுதல், குளித்தல், உடுத்தல், மற்றவர்களோடு பழகுதல், காசைக் கையாளுதல் என்று போகும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் என்பதைப் பொறுத்துப் புள்ளி. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் மொத்தம் 8 வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை. கை கால் இயங்காத ஒருவருக்கு ஒரே செயலில் 4, 8 என்று விழும். மனநோய் உள்ளவருக்கு அப்படி விழுவது குறைவு. அவருக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் தெரியும். ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று 'எழும்பு, குளி' என்று சொல்லாவிட்டால் ஐந்து நாளானாலும் குளிக்க மாட்டார். சொல்லித் தூண்டவேண்டிய இந்த நிலைக்குக் குளிப்பதில் 2, உடுத்துவதில் 2, சமைப்பதில் 2, ஆட்களோடு பழகுவதில் 2. கூட்டினால் 8. அவ்வளவுதான், இந்த நான்கு இரண்டுகளில்தான் அந்த மனிதரின் வாடகையும் சாப்பாடும் தொங்கிக்கொண்டிருக்கும்.

2025 திட்டம் கேட்டது என்ன தெரியுமா? மொத்தம் 8 இருந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்கவேண்டும் என்றது. வெளியிலிருந்து கேட்டால் நியாயமாகப் படும், ஒன்றிலாவது கடுமையான சிரமம் இருக்கட்டுமே என்று தோன்றும். ஆனால் இரண்டு இரண்டாகச் சேர்த்து எட்டைத் தொடுகிறவர்களில் மனநோய் உள்ளவர்கள் ஏராளம். விதியில் மனநோய் என்ற சொல்லே வரத் தேவையில்லை, வெட்டு அவர்கள் மேல் தானாகவே விழும். சாதாரணத் தொகை 2025-26இல் கிழமைக்கு 73.90 பவுண். அந்த 73.90 முழுதாகப் போயிருக்கும்.

இது முதல் தடவையும் அல்ல. 2010 ஜூனில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், 1992 முதல் இருந்த டிஎல்ஏ என்ற பழைய உதவித்தொகைக்கு மருத்துவ மதிப்பீடு கொண்டுவந்து செலவில் 20 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார். அதிலிருந்துதான் 2013இல் பிப் பிறந்தது. பிறக்கும்போதே மிச்சம் பிடிக்கும் எண்ணத்தோடு பிறந்த திட்டம் இது. வேலை செய்ய முடியுமா என்று பார்க்கும் இன்னொரு மதிப்பீடு 2008இல் தொடங்கியது. அதை முதலில் அட்டோஸ் என்ற தனியார் நிறுவனம் நடத்தியது, 2015 முதல் மாக்சிமஸ். 2010க்குப் பிறகு, வேலை செய்ய இயலாதவர்களுக்கான பழைய உதவித்தொகை பெற்றுக்கொண்டிருந்த பத்து லட்சம் பேரை அதற்குள் அனுப்பி மறுபடி அளந்தார்கள். இங்கிலாந்தின் 149 உள்ளூராட்சிப் பகுதிகளை எடுத்து அந்தக் காலத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. மறுமதிப்பீடு கூடுதலாக நடந்த பகுதிகளில் தற்கொலை, மனநலப் பிரச்சினை, மன அழுத்த மாத்திரை மூன்றும் கூடியிருந்தன. 590 கூடுதல் தற்கொலைகளோடு மறுமதிப்பீட்டுக்குத் தொடர்பிருப்பதாக அது கணக்கிட்டது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை என அரசு மறுத்தது. தொடர்பைக் காட்டும் ஆய்வால் காரணத்தை முற்றாக நிரூபிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் 2014இல் லண்டன் மரண விசாரணை அதிகாரி ஒருவர், ஒரு தனி மனிதரின் சாவை விசாரித்துவிட்டு, அவரைப் பார்த்துவந்த வைத்தியர்களின் கருத்தை மதிப்பீட்டாளர் கணக்கில் எடுக்கவில்லை என்று வேலை, ஓய்வூதியத் திணைக்களத்துக்கு எழுதினார். வேலைக்குத் தகுதியானவர் என்ற முடிவே அந்தச் சாவின் தூண்டுதல் என்றும் அவர் கண்டார். அங்கே ஒரு பெயரும் ஒரு கோப்பும் இருந்தன.

வைத்தியரிடம் கேட்காததுதான் அடிப்படைக் குறை. மனநோய் உள்ளவருக்குத் தன் நோயைத் தானே விளக்குவது கடினம். சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது, சிலருக்குச் சொல்ல வெட்கம். அப்படிப்பட்டவரையே 'உன் நிலைமையை நிரூபி, ஆதாரத்தை நீயே கொண்டுவா' என்று விடுவது அவர்களைப் பாதகமான இடத்தில் நிறுத்துகிறது என்று 2013 மே மாதம், உதவித்தொகை வழக்குகளை விசாரிக்கும் மேல் தீர்ப்பாயம் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதே வருடம் அதை ஏற்றுக்கொண்டது.

அப்புறம் 2017. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், அரசின் மனம் அதில்தான் வெளிச்சமாகத் தெரிந்தது. பிப்பின் நடமாட்டப் பகுதியில் 'பயணத்தைத் திட்டமிட்டு வழி போதல்' என்று ஒரு செயல் உண்டு. வெளியே போனால் பீதியில் உறைந்துபோகிறவர், கூட ஒருவர் இல்லாமல் பஸ் ஏற முடியாதவர், இவர்களுக்கும் அதில் கூடிய புள்ளி சேரும் என்று 2016 நவம்பரில் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. உடனே அரசு விதியைத் திருத்தியது. 2017 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சில சொற்கள் புதிதாக நுழைந்தன: 'உளவியல் துயரம் தவிர்ந்த காரணங்களால்'. அதாவது கண் தெரியாததால் தனியாகப் போக முடியாவிட்டால் 10 புள்ளி, பயத்தால் தனியாகப் போக முடியாவிட்டால் அந்தப் பத்து கிடையாது. இரண்டு பேரும் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். 160,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்படுவார்கள் என்பது அரசின் கணக்கு. அந்த நாட்களில் பிரதமரின் கொள்கைக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஜோர்ஜ் ஃப்ரீமன் ஒரு வானொலிப் பேட்டியில், உதவி 'உண்மையிலேயே' இயலாதவர்களுக்குப் போகவேண்டும், பதற்றத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கு அல்ல என்ற பொருளில் பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த 'உண்மையிலேயே' என்ற சொல்லை எதனால் அழிப்பது? 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் மனநோய் உள்ளவர்களுக்கு எதிரான அப்பட்டமான பாரபட்சம் என்று சொல்லி அடித்துப்போட்டது. அரசு மேன்முறையீடு செய்யவில்லை. 1.6 மில்லியன் கோப்புகளைத் திரும்பப் பார்க்கவேண்டி வந்தது.

இத்தனைக்கும் உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் சம மதிப்பு என்று 2012லேயே சட்டத்தில் எழுதி வைத்த நாடு இது. அது வைத்தியசாலைக்கான சட்டம். பெனிபிட் அலுவலகத்தின் வாசல் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

இப்போது மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். பிப் பெறுபவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு மனநலம் சார்ந்த நிலையே பிரதான காரணமாகப் பதிவாகியிருக்கிறது. கொவிட்டுக்குப் பிறகு புதிதாகக் கேட்பவர்களும் வெகுவாகக் கூடியிருக்கிறார்கள். செலவு ஏறுகிறது என்று ஓர் அரசு கவலைப்படுவதில் பிழை இல்லை. 2024 ஏப்ரலில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக், வாழ்க்கையின் சாதாரணக் கவலைகளை நோயாக்கிவிடக் கூடாது என்றார். 2025 மார்ச்சில் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், மனநல நோய்களில் மிகை நோய்கண்டறிதல், அதாவது தேவைக்கு மேல் நோய் என்று எழுதிவிடுவது, இருப்பதை ஒப்புக்கொண்டார். ஒருவர் கன்சர்வேட்டிவ், மற்றவர் தொழிற்கட்சி. எனக்கு இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், பிப் நோயின் பெயருக்குப் பணம் கொடுப்பதே இல்லை. இருமுனைக் கோளாறு என்று ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்ததால் ஒரு புள்ளிகூட விழாது. குளிக்கிறாரா, சமைக்கிறாரா, வெளியே போகிறாரா என்றுதான் புள்ளி. பிப்பில் மோசடி 1 சதவீதத்துக்கும் கீழ் என்பது அரசின் சொந்தக் கணக்கு. மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரை போகிறவர்களிலோ மூன்றில் இரண்டு பேரளவில் வெல்கிறார்கள். தாராளமாக அள்ளிக் கொடுக்கிற திட்டத்தில் இப்படி நடக்காது.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா, மகளோடு இருக்கிறார். 2009இல் அவர் எதைக் கடந்து வந்தார் என்று இங்கே விவரிக்கப் போவதில்லை. தொலைபேசியில் மதிப்பீடு. மொழிபெயர்ப்பாளர் மூன்றாவது லைனில். 'உங்களுக்கு என்ன பிரச்சினை?' என்று கேட்டார்கள். அக்கா சொன்னார்: "எனக்கு ஒரே யோசனை." நம் ஊரில் இந்த வார்த்தையைக் கேட்ட எவருக்கும் அதன் கனம் தெரியும். இரவு முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது, செத்தவர்கள் வந்து நிற்பது, அடுப்படியில் நின்றபடியே எங்கேயோ போய்விடுவது, இவ்வளவும் அந்த யோசனைக்குள் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது 'நிறைய யோசிக்கிறேன்' என்று போயிருக்கிறது. 'சமைப்பீர்களா?' என்றதற்கு 'சமைப்பன்' என்றார். முன்பின் தெரியாத அதிகாரியிடம், ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண் தனக்குச் சமைக்க முடியாது என்று எப்படிச் சொல்வார்? மானம் போய்விடாதா?

அறிக்கை வந்தது. நன்றாகப் பதில் சொன்னார், பதற்றம் தெரியவில்லை, அழவில்லை, சமைப்பதாகச் சொன்னார். பூச்சியம் புள்ளி.

நான் வீட்டுக்குப் போனபோது தேநீர் போட எழுந்தார். அடுப்பில் திருகுகள் இல்லை. நான்கு இடத்திலும் வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. மகள்தான் சொன்னாள், அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து படுத்துவிடுவாராம், மூன்று முறை சட்டி கருகி வீடு முழுக்கப் புகையாம். அதனால் வேலைக்குப் போகும்போது திருகுகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறாள். "இதைப் படிவத்தில எழுதினியா, தங்கச்சி?" என்று கேட்டேன். "இதையெல்லாமா எழுதிறது, அண்ணை?" என்றாள். பக்கத்தில் ஒருவர் கண்காணிக்காமல் சமைக்க முடியாத நிலைக்கு 4 புள்ளி. அந்தப் புள்ளி ஒரு வருடமாக அவளுடைய கைப்பைக்குள் கிடந்திருக்கிறது. தீர்ப்பாயத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: நீதிபதி, வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர். வைத்தியர் அக்காவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இன்றைக்கு நீங்கள் போட்டிருக்கும் உடுப்பை எடுத்துத் தந்தது யார்?" என்பது. "மகள்" என்றார். "இன்றைக்கு மட்டுமா?" அக்கா தலையை ஆட்டி இல்லை என்றார். அரை மணி நேரத்தில் அந்த அறையில் தெரியவந்தது, அதுவரை ஒருவரும் கேட்டிராத விஷயங்கள்.

இனி உங்கள் தம்பிக்கு. இருமுனைக் கோளாறு ஏறி இறங்கும் நோய். மதிப்பீட்டு நாளில் அவர் துள்ளலோடு இருந்தால் சுகமானவர் என்று எழுதிவிடுவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதையே பார்க்கவேண்டும். ஒரு செயலைச் செய்ய முடியும் என்றால் ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான தடவை திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியவேண்டும். ஒன்று தவறினாலும் முடியாது என்றுதான் கணக்கு. துள்ளும் காலத்தில் அவர் இரவோடு இரவாகக் காசை அள்ளி விடுகிறவராக இருந்தால் அதையும் எழுதுங்கள். சாதாரணக் காசுக் கணக்குக்கே ஒருவர் பக்கத்தில் நின்று தூண்டவோ உதவவோ வேண்டுமென்றால் அதற்கு 4 புள்ளி உண்டு. நல்ல நாள், கெட்ட நாள் இரண்டையும் எழுதுங்கள், எது எத்தனை நாள் என்றும் எழுதுங்கள்.

புதிதாக யூனிவர்சல் கிரெடிட் கேட்பவர்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் கவலை இருக்கிறது. பழைய தொகையைப் பெறக் கடும் நோய் என்ற விதிவிலக்குக்குள் வரவேண்டும். நோய் வாழ்நாள் முழுக்க இருக்கவேண்டும், பாதிப்பு எப்போதும் இருக்கவேண்டும் என்று அது கேட்கிறது. இருமுனைக் கோளாறும் மனச்சிதைவும் வாழ்நாள் நோய்கள்தான். ஆனால் 'எப்போதும்' என்ற சொல்லுக்கு முன்னால், மூன்று மாதம் நன்றாக இருந்து நான்காவது மாதம் விழுகிற ஒருவர் என்ன பதில் சொல்வார்?

தம்பிக்குப் பிப் மீளாய்வுப் படிவம் வந்தால் ஒரு மாதத்துக்குள் அனுப்பவேண்டும். பிந்தும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் அவகாசம் கேளுங்கள். முடிவு பாதகமாக வந்தால் மீள்பரிசீலனை கேட்க ஒரு மாதம், அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக இன்னொரு மாதம். மீள்பரிசீலனையில் தோற்றதும் மனம் விட்டு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நிறுத்தாதீர்கள். ஜீபியின், அதாவது குடும்ப வைத்தியரின், கடிதம் இரண்டு வரியில் இருக்கும், அது போதாது. மனநல நர்ஸ் யாராவது வந்து பார்த்தால் அவரிடம் எழுதி வாங்குங்கள், அவருக்குத்தான் வீட்டின் நிலை தெரியும்.

அப்பாவிடமும் எழுதி வாங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். தம்பிக்கு வருத்தம் இருக்கிறது என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க இப்போது மெனக்கெட வேண்டாம், அதற்கு நாளாகும். அவர் தலைமுறைக்கு மனநோய் என்றால் 'விசர்' என்ற ஒரு சொல்தான் தெரியும், தன் பிள்ளைக்கு அந்தச் சொல் ஒட்டிவிடக் கூடாது என்றுதான் சோம்பல் என்கிறார். சோம்பலுக்கு ஊரில் பெண் கொடுப்பார்கள், விசருக்குக் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு, ஒரு கொப்பியைக் கொடுத்து இரண்டு கிழமைக்கு அவருடைய குறைகளை மட்டும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினான், எத்தனை தடவை கூப்பிட்ட பிறகு சாப்பிட்டான், ஒரே சட்டையை எத்தனை நாள் போட்டான், மாத்திரையை யார் நினைவுபடுத்தினார்கள். தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் மாற்றி, அவருடைய கையெழுத்தோடு படிவத்தின் பின்னால் இணைத்துவிடுங்கள்.